இலை வடிவ ஒட்டு

கட்டிய கணவன் மேல் ஒருத்திக்குச் சந்தேகம் வர எத்தனையோ வழி உண்டு. சட்டையில் ஒட்டிய நீள முடி, பையில் கிடந்த யாருடையதோ கைக்குட்டை, மூன்று தடவை கூப்பிட்டால்தான் "ம்?" என்று வருகிற பதில். இந்தக் கதையில் வருகிறவளுக்கு அது சைக்கிள் டியூப்பிலிருந்து வந்தது. இப்போதே சிரித்துவிடாதீர்கள் கண்ணுகளா. சிரிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

அவளைத் தெருவே 'பஞ்சர் அக்கா' என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். வீட்டின் முன் அறைதான் கடை. பாதியாக அறுத்த பீப்பாயில் தண்ணீர், சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும் டியூப்புகள், அவள் உட்கார ஒரு முக்காலி, எதிர்ச் சுவரோரம் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் சாயங்காலம் ஆனால் அவள் வீட்டுக்காரர் வந்து உட்காருவார். கையில் டீ, முகத்துக்கு நேராகப் பேப்பர். அவர் ரொட்டிக்காரர். காலையில் ரொட்டிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினால், கடை கடையாக, வீடு வீடாகப் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். பெட்டியின் கனம் முழுக்கப் பின் சக்கரத்தில். அதனால் அவருடைய பின் டியூப்பில் ஒட்டுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் அவள் ஒட்டியது. பசைக்கான சொல்யூஷன் டப்பாவின் மூடியைப் பழைய ரப்பரில் வைத்து வரைந்து, வட்டமாக வெட்டி ஒட்டுவாள். பொட்டு வைத்த மாதிரி இருக்கும்.

அவர் சக்கரத்தில் வேறு யாரும் கை வைத்ததில்லை. அது அவளுக்கு ஒரு கர்வம்.

கர்வத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. அவள் கல்யாணமாகாத பெண்ணாக அப்பாவுடன் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், இந்த ரொட்டிக்காரர் அடிக்கடி பஞ்சர் ஆகி வருவார். "இந்தத் தம்பி போற ரோட்டுல மட்டும் முள்ளு நட்டு வெச்சிருக்காங்களா?" என்று அப்பாவே கேட்டிருக்கிறார். கல்யாணமான பிறகுதான் வண்டவாளம் வெளியே வந்தது. தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, பாக்கெட்டிலிருந்து குண்டூசியை எடுத்து, தானே டயரில் குத்திக்கொண்டு, தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். அவளைப் பார்க்க!

அன்றிலிருந்து அவள் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. கூடவே ஒரு வாலும் சேர்ப்பாள். "குத்தத்தான் தெரியும் இவருக்கு. ஒட்டத் தெரியுமான்னு கேளுங்க. டயர் எது, டியூப் எதுன்னு பேரு எழுதி ஒட்டி வெச்சாத்தான் உண்டு!" கடையே சிரிக்கும். பேப்பருக்குப் பின்னாலிருந்து அவரும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

ஒருநாள் சாயங்காலம் வந்தவர், "பின்னாடி கொஞ்சம் காத்து கம்மியா இருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவள் டயருக்குள் இரும்பு லிவரை விட்டு நெம்பி டியூப்பை உருவினாள். காற்றடித்துப் பீப்பாய்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தாள். குமிழி கிளம்பியது. விரலை வைத்துத் துடைத்துப் பார்த்தால், ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு ஒட்டு.

வட்டம் இல்லை. இலை.

வெற்றிலையைச் சின்னதாக்கி இரண்டு பக்கமும் கூராக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு இலை. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. நாலு பக்கமும் ரப்பரோடு ரப்பராகப் படிந்து, நகத்தால் கீறினாலும் எழும்பவில்லை. ஊரில் உள்ள பஞ்சர்க் கடைக்காரர்கள் கை அவளுக்கு அத்துப்படி. பஸ் நிலையத்தில் இருப்பவர் சதுரமாக வெட்டுவார். பாலத்தடிக்காரர் அவசரக்காரர், ஒட்டும் கோணல்மாணலாக இருக்கும். சந்தையில் இருப்பவர் கஞ்சத்தனமாகத் துணுக்கு வைப்பார். இது அவர்களில் யாரும் இல்லை. புதுக் கை.

வழியில் பஞ்சர் ஆனால் வேறு எங்காவது ஒட்டிக்கொள்வது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை. ஆனால் வந்து சொல்ல வேண்டாமா? "இன்னைக்கு வழியில போயிடுச்சு, அவன்கிட்ட ஒட்டினேன்" என்று ஒரு வார்த்தை?

டியூப்பை மூக்கருகில் கொண்டுபோனாள். ஒட்டு மற்ற ரப்பரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே கொஞ்சம் தூள் தடவுவது வழக்கம். அவள் சாக்பீஸ் தூள் தடவுவாள். இதில் இருந்தது சாக்பீஸ் இல்லை. ரோஜா மணந்தது.

முகத்துக்குப் போடும் பவுடர்!

டியூப்பை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து முடிவெட்டும் கடைக்குப் போனாள். அங்கே முடிவெட்டுக்காரர் ஆளில்லாமல் தன் மீசையையே திருத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது உங்க கடை பவுடரா பாருங்க."

அவர் முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவையும் ரசித்து முகர்ந்தார். "நம்ம கடை பவுடரா? நம்மளுது கோதுமை மாவுக்குத் தம்பி. இது பொம்பளைங்க போடறது அக்கா. நல்ல சரக்கு." பிறகு ஒட்டைத் தடவிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "இதை வெட்டினது என் மாதிரிக் கத்தரியும் இல்ல. சின்னக் கத்தரின்னா படி படியா விழும். இது ஒரே கடியில வளைஞ்சு வந்திருக்கு. துணி வெட்டற பெரிய கத்தரி. யாரு டியூப் இது?"

"யாரோ ஒருத்தர் டியூப்."

"அந்த யாரோ ஒருத்தர் இப்பத்தான் குளிக்கப் போனாரா?" என்று கண்ணைச் சிமிட்டினார். "சக்கரமே மணக்க மணக்க ஓடுது. குடுத்து வெச்சவரு!"

திரும்பி வந்து உட்கார்ந்தாள். புது ஓட்டைக்கு வட்டமாக ஒரு ஒட்டுப் போட்டாள். டியூப்பை உள்ளே தள்ளுவதற்கு முன் எப்போதும் செய்கிற மாதிரி வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பிக் குனிந்து, டயரின் உட்புறம் முழுக்க விரலை ஓட்டினாள். சுருக்கென்றது. விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள்.

குண்டூசியின் உடைந்த முனை.

ஒட்டியவள் ஒட்டை மட்டும் அழகாக ஒட்டிவிட்டு, குத்தியதை உள்ளேயே விட்டுவிட்டிருக்கிறாள். அதுதான் மறுபடி குத்தியிருக்கிறது. 'வேலை தெரியாதவ' என்று பல்லைக் கடித்தாள். ஒட்டியவள் என்றே அவள் மனம் முடிவுகட்டிவிட்டது, கவனித்தீர்களா? பவுடர் ஒன்று, கத்தரி ஒன்று, குண்டூசி ஒன்று. மூன்றையும் கூட்டினால் என்ன வரும்? தையல்காரி.

அதைவிடப் பெரிதாக ஒன்று அவளைக் குத்தியது. குண்டூசி! ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காகத் தன் டயரைத் தானே குத்திக்கொண்ட மனுஷன் இவர். ஒரு தடவை செய்தவர் இன்னொரு தடவை செய்ய மாட்டாரா? இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை, அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கே கசந்துபோனது.

சாப்பிடும்போது வாயைக் கிளறினாள்.

"வழியில ஏதாச்சும் ஆச்சா?"

"என்ன ஆகும்? ரொட்டி வித்துச்சு."

"சைக்கிள்?"

"சைக்கிளும் ஓடுச்சு." தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "குழம்பு நல்லா இருக்கு."

குழம்பில் அன்று உப்பே போடவில்லை அவள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் அவளாக இல்லை. அவர் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்தாள். நூல் ஒட்டியிருக்கிறதா என்று காலர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு நாள் நிஜமாகவே ஒரு பச்சை நூல் கிடைத்தது. அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தாள், சாட்சி மாதிரி. கடைக்கு வருகிற பெண்களில் யார் நன்றாகத் தைத்த உடுப்பு உடுத்தியிருந்தாலும், "எங்க தைச்சீங்க? யாரு அவ? என்ன வயசு?" என்று கேட்டாள். முடிவெட்டுக்காரர் வேறு, டயரைக் காட்டி மூக்கை உறிஞ்சுவார். எரிகிற வயிற்றில் எண்ணெய் விடுவதில் அவருக்கு நிகர் அவரே.

இரண்டாவது இலை ஒட்டு அடுத்த வாரம் வந்தது. முதலாவதைவிட அழகாக இருந்தது. அதையும் அவளால் பொறுக்க முடியவில்லை, சொல்லப்போனால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. புருஷனை எடுத்துக்கொள்கிறவள் வேலையாவது மட்டமாகச் செய்யக் கூடாதா?

நேரே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு, அவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்? பிறகு எந்த முகத்தோடு அந்த முக்காலியில் உட்காருவது, எந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது? கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்கு அவள் செய்த காரியம் இருக்கிறதே, அதைப் பஞ்சர்க்காரியைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

ஒட்டு ஒட்டுவதில் ஒரு பொறுமை உண்டு. சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டிவிடக் கூடாது. காய வேண்டும். புறங்கையால் தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்கு வர வேண்டும். அப்போது ஒட்டினால்தான் உயிர் உள்ளவரை பிடிக்கும். ஈரத்தில் ஒட்டினாலும் ஒட்டிய மாதிரிதான் தெரியும், காற்றும் நிற்கும். ஆனால் பாரம் ஏறி, வெயிலில் ரோடு சுட ஆரம்பித்ததும் மெல்ல நகரும். ஈரத்தில் ஒட்டுவது அவளுடைய கடையில் நடந்ததே இல்லை. வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "அவசரம்னா நடந்து போங்க" என்பாள்.

அன்று அவர் குளிக்கப் போனதும் பின் டியூப்பை உருவினாள். தான் முன்பு போட்ட வட்ட ஒட்டு ஒன்றைத் தானே சூடு காட்டி உரித்தாள். புதுசாக ஒரு வட்டத்தை வெட்டி, சொல்யூஷனைத் தடவி, காயவிடாமல், ஈரத்திலேயே அழுத்தினாள். அப்பா இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். ஊசி முனை எதுவும் இல்லையா என்று வழக்கம்போல டயருக்குள் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள். கெடுதல் செய்யும்போதும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

மறுநாள் அவர் கிளம்பியதும் கடைக் கதவைச் சாத்தினாள்.

"எங்க அக்கா, கடையைச் சாத்திட்டு?" என்றார் முடிவெட்டுக்காரர்.

"சொல்யூஷன் தீர்ந்துபோச்சு. வாங்கப் போறேன்."

"பவுடரும் தீர்ந்திருந்தா சேர்த்து வாங்கிட்டு வாங்க!"

அவள் தன் சைக்கிளில் ஏறி மிதித்தாள். ரொட்டிப் பெட்டி தூரத்தில் மினுக்கிக்கொண்டு போனது. மணியை அடித்துக்கொண்டு, ஒவ்வொரு கடையிலும் இறங்கி, ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு போனார். அவர் வெளியே இவ்வளவு பேசுவார் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. வீட்டில் பேப்பர்தானே பேசும்!

வெயில் ஏறியது. பெரிய இறக்கம் வந்தது. எதிரே லாரிகள். அவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது பின் சக்கரம் ஒரு ஆட்டம் ஆடியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. இறக்கம் இருப்பதை அவள் நினைக்கவே இல்லை! 'என்னங்க' என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் காலை ஊன்றி, தடுமாறி, ஓரமாகச் சாய்த்து நிறுத்திவிட்டார். இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தார்.

அவள் கண் அவரையே பிடித்துக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் பஸ் நிலையத்துப் பஞ்சர்க் கடை. சதுரக்காரர் கையை ஆட்டி, "வாங்க, இங்க வாங்க" என்று கூப்பிடவே செய்தார். இவர் 'வேண்டாம்' என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கனத்தையும் தள்ளிக்கொண்டு, ஒரு சந்துக்குள் திரும்பினார்.

போயிற்று. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

சந்துக்குள் ஒரே ஒரு தையல் கடை. வாசலில் துணிகள் தொங்கின. எதிரே சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதன் பின்னால் அவள் ஒடுங்கிக்கொண்டாள்.

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். அழகாக இருந்தாள். அதுவே பெரிய குற்றம். முகத்தில் பவுடர், தோளில் அளவு நாடா, நெஞ்சோரத்தில் வரிசையாகக் குண்டூசி.

"என்ன அண்ணா, மறுபடியும் என் ஊசியா? இன்னைக்கு நல்லாப் பெருக்கினேனே!"

"உன் ஊசியோ எவன் ஆணியோ. தண்ணியைக் கொண்டா."

அவர் பெட்டியை இறக்கினார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். உப்புத்தாள், சொல்யூஷன், ரப்பர்த் துண்டு, இரண்டு தேக்கரண்டி. தேக்கரண்டி! சமையலறையிலிருந்து அவை காணாமல் போய் எத்தனை நாள் ஆயிற்று! குப்பையோடு கொட்டிவிட்டோமோ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தேக்கரண்டிக் காம்புகளை விட்டு நெம்பி, நிதானமாக, ஒரு இடத்தில்கூடக் கிள்ளாமல், அவர் டியூப்பை உருவினார்.

அவரா? டயர் எது, டியூப் எது என்று தெரியாதவரா?

"தண்ணியில போடலையா?" என்றாள் தையல்காரி.

"இரு. முதல்ல இப்படி." அவர் காற்றடித்த டியூப்பைக் கன்னத்துக்கு அருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நகர்த்தினார். ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியது. வண்டிக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருந்தது. அது அவளுடைய முகம்! அவள் அப்படித்தான் செய்வாள். புருவம் உட்பட.

தையல்காரி கலகலவென்று சிரித்தாள். "அக்கா இப்படித்தான் பண்ணுவாங்களா?"

"சிரிக்காதே. தண்ணி காட்டாத ஓட்டையை அவ கன்னம் காட்டும். முடி நுழையாத ஓட்டையா இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவா. இந்த ஊர்ல அவ கைக்கு ஒரு கை கிடையாது. அவ ஒட்டினா, டியூப் கிழிஞ்சாலும் கிழியும், ஒட்டு வராது. நான் வந்து பெஞ்சில உக்காருவேன். பேப்பரை விரிச்சுக்குவேன். ஓரமா அவ கையையே பார்த்துட்டிருப்பேன். அது ஒரு அழகு."

கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை கண்ணுகளா. வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. இத்தனை வருஷத்தில் இதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, தன் காதில் விழுந்ததுண்டா? தன்னைப் பற்றிய பேச்சை எவளோ ஒருத்தி உட்கார்ந்து கேட்கிறாள். பவுடர் போட்ட காதுக்கு அது போகிறது. தனக்கு வர வேண்டியதை வழியில் நின்று வாங்கிக்கொண்டவள் மாதிரி அந்தத் தையல்காரி தெரிந்தாள்.

அவர் டியூப்பைச் சுற்றிக்கொண்டே வந்தவர், நின்றார். வட்ட ஒட்டு ஒன்று பால் ஆடை மாதிரி சுருங்கி ஒரு பக்கமாக நழுவியிருந்தது. விரலால் தொட்டார். இழுத்தால் நூல் நூலாக வந்தது.

"என்ன அண்ணா?"

"ஈரத்துல ஒட்டியிருக்கு."

"யாரு?"

அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். சிரிப்பெல்லாம் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. "வட்டம் அவளோடதுதான். ஆனா இது அவ செய்யற வேலை இல்ல. அவளுக்கு உடம்பு என்னமோ சரியில்ல. ரெண்டு வாரமா முகமே சரியில்ல, குழம்புல உப்பு இல்ல, நானும் கேக்காம விட்டுட்டேன்." எழுந்துவிட்டார். "பெட்டியை உள்ள வெச்சுக்கோம்மா. நான் வீட்டுக்கு நடந்தே போயிடறேன்."

அதற்கு மேல் அவளால் வண்டிக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று வெளியே வந்தாள். "நான்தான் ஒட்டினேன். தெரிஞ்சேதான் ஒட்டினேன்."

தையல்காரி இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நழுவிய ஒட்டைப் பார்த்தாள். பெண் அல்லவா, ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. "அக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, "எனக்குப் பொத்தான் வேலை கிடக்கு" என்று உள்ளே போய் மெஷினைச் சத்தமாக ஓட்டினாள். மெஷினில் துணியே இல்லை என்பதை நாம் கண்டுகொள்ள வேண்டாம்.

"ஈரத்துலயா?" என்றார் அவர்.

"ஈரத்துலதான்."

"அந்த இறக்கத்துல…"

"தெரியும். பார்த்தேன்." அவள் குரல் உடைந்தது. உடனே அதைக் கோபமாக்கிக்கொண்டாள். "இலை இலையா ஒட்டிட்டு வந்தா நான் என்னன்னு நினைக்கறது? ரோஜா மணக்குது, ஊசி குத்துது. குண்டூசிக் கதை எனக்குத் தெரியாதா? நானே உலகம் முழுக்கச் சொன்ன கதைதானே!"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பதா, கோபிப்பதா என்று முகம் தவித்தது. "இந்தப் பொண்ணு வாசல்ல பெருக்கித் தள்ளின ஊசிதான் குத்துச்சு. தப்பு அவளோடதுன்னு தண்ணி குடுத்தா, கத்தரி குடுத்தா, தூள் கேட்டேன், பவுடர் குடுத்தா. ஒட்டினது நான்."

"அதான் பார்த்தேனே. ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"கடையில வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பியே, இவருக்குக் குத்தத்தான் தெரியும்னு. ஒருநாள் எல்லார் முன்னாடியும் லிவரை எடுத்து ஒட்டிக் காட்டணும்னு ஆசை. ஆனா இன்னும் சரியா வரல. ஒட்டு நல்லாத்தான் பிடிக்குது. மறுநாளே பக்கத்துல இன்னொரு ஓட்டை விழுந்துடுது. ஏன்னே தெரியல."

அவளுடைய கண் கடைக்குள்ளே போய்விட்டு வந்தது. எல்லாம் சரி. ஆனால் பொறாமை என்பது சொன்னதும் எழுந்து போகிற விருந்தாளி இல்லையே. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"நீதான்."

"நான் எப்போ சொல்லிக் குடுத்தேன்?"

"பெஞ்சில உக்காந்து பார்த்துக் கத்துக்கிட்டேன். தேய்க்கறது, தடவறது, காய விடறது, எல்லாம். ஒண்ணுதான் தெரியல. டியூப்பை உள்ள தள்றதுக்கு முன்னாடி நீ வாசப் பக்கம் திரும்பிக் குனிவ. பெஞ்சிலிருந்து பார்த்தா உன் முதுகுதான் தெரியும். திரும்பினா டயர் மூடியிருக்கும். நடுவுல என்னமோ பண்றே. அது என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

டயருக்குள் விரலை ஓட்டிப் பார் என்பது இந்தத் தொழிலில் எவரும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். சதுரக்காரர் சொல்லியிருப்பார், பாலத்தடிக்காரர் சொல்லியிருப்பார். வேறு எவள் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அதைச் சேர்த்தே சொல்லியிருப்பாள். அது மட்டும் தெரியாமல் மற்றதெல்லாம் தெரிந்த ஒருவர் உலகத்திலேயே ஒரே இடத்தில் இருந்துதான் கற்றிருக்க முடியும். அவள் வாசல் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெஞ்சிலிருந்து. இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் கிடந்த ஊசி முனையை யாரோ இடுக்கியால் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் ஒட்டறீங்க" என்றாள் கடைசியில். அதைச் சொல்ல அவளுக்கு என்ன பாடு! "என்னைவிட ஓரம் சுத்தமா இருக்கு."

"கத்தரி அப்படி."

"கத்தரி இல்ல. கைதான்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா என்னைப் பத்தி இவ்வளவு பேசறீங்களே, இதை என்கிட்ட ஒருநாள் பேசினா என்ன?"

"உன்னைப் பத்தி உன்கிட்ட என்னத்தைச் சொல்றது?" அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அவகிட்டச் சொன்னதையே சொல்லுங்க. முதல்லருந்து."

அவர் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு நழுவிய ஒட்டை உரித்து எறிந்துவிட்டு, உப்புத்தாளை எடுத்தார். "நான் ஊசியால குத்தினேன். நீ ஈரத்துல ஒட்டினே. விடு" என்றார். அன்று அவர் இலையாக வெட்டி, தடவி, காயும்வரை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புறங்கையால் தொட்டுப் பார்த்தது அவள்.

டியூப்பை உள்ளே தள்ளுமுன் அவள் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டிக் குனிந்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. தள்ளுங்க."

எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடுமா என்ன? மறுநாள் அவள் பழைய டைனமோ ஒன்றை உடைத்து, உள்ளேயிருந்த காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி, தானே கொண்டுபோய்த் தையல்காரியிடம் கொடுத்தாள். "காலையும் சாயங்காலமும் வாசல்ல இதை இழுத்துட்டுப் போம்மா. ஒரு ஊசி தங்கக் கூடாது. ஒண்ணுகூட."

தையல்காரி வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி அக்கா. ரொட்டி மட்டும் வாங்கிக்கலாமா?" என்று கேட்டாள்.

"வாங்கிக்கோ. பணத்தைக் குடு, ரொட்டியை வாங்கு, கதவைச் சாத்திக்கோ."

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம். முடிவெட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சக்கரம் இன்னைக்கு மணக்கலையே அக்கா?" என்றார். "உங்க கோதுமை மாவைக் கொஞ்சம் குடுங்க, போட்டுக்கறேன்" என்றாள். பெஞ்சில் பேப்பர் விரிந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது. இத்தனை வருஷம் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

டியூப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். டயருக்குள் விரல் விடும் நேரம் வந்தது. முக்காலியை நகர்த்தி அவரைப் பார்க்கத் திரும்பலாமா என்று நினைத்தாள். முழுக்கத் திரும்பினால் எல்லாம் தெரிந்துவிடும். பிறகு அவருக்கு அவள் எதற்கு?

கொஞ்சம் யோசித்து, முக்காலியைப் பாதி திருப்பிப் போட்டாள்.